எட்டு கோர் இருந்தும் ஒன்றுதான் ஓடுகிறதா? வேலையைப் பிரித்துக் கொடுக்கும் வழி

நிரலை ஓடவிட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், சிபியூ 12 அல்லது 13 சதவீதத்தில் நிற்கிறது. ஃபேன் இரைகிறது, வேலையோ முடிந்தபாடில்லை, கணினி என்னவோ சும்மா இருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. முதல் தடவை இதைப் பார்க்கும் யாருக்கும் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். நூறை எட்டால் வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டரை. எட்டு கோர்களில் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்று மூச்சுமுட்ட உழைக்கிறது, மீதி ஏழும் வேடிக்கை பார்க்கின்றன. லினக்ஸில் டாப் கட்டளையைப் போட்டால் இதே நிலைமை 100 சதவீதம் என்று தெரியும். அங்கே ஒரு கோருக்கு நூறு என்று கணக்கு, எட்டும் ஓடினால் 800.

முன்பெல்லாம் இந்தக் கவலை கிடையாது. ஓரிரு வருடம் பொறுத்திருந்து புதுக் கணினி வாங்கினால் போதும், அதே நிரல் தானாகவே வேகமாக ஓடும். 2004-இல் பென்டியம் 4 வகை 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, அதற்கு மேல் போனால் சூட்டைத் தணிக்க முடியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் இன்டெல் தன் அடுத்த வடிவமான டெஜாஸைக் கைவிட்டது. 2005-இல் இன்டெலும் ஏஎம்டியும் மேசைக் கணினிகளுக்கு இரட்டைக் கோர் கொண்டுவந்தன (சர்வர்களுக்காக ஐபிஎம் 2001-லேயே பவர்4 மூலம் இதைச் செய்துவிட்டது). இருபது ஆண்டு ஓடிவிட்டது, மேசைக் கணினிகளின் உச்ச வேகம் இன்னும் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் நிற்கிறது. கூடியதெல்லாம் கோர்களின் எண்ணிக்கை. அந்தக் கோர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்துவிட்டது.

ஒரு சொல் விஷயம். பிராசஸரைச் செயலி என்று எழுதிப் பழகியிருந்தோம், இப்போது அந்தச் சொல்லை மொபைல் ஆப் எடுத்துக்கொண்டது. குழப்பம் வேண்டாமென்று இங்கே கோர், பிராசஸ், த்ரெட், லாக் என்று புழக்கத்தில் இருப்பதையே எழுதுகிறேன்.

உதாரணத்துக்குக் கடைசிவரை ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஃபோல்டரில் 6,000 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து, சிறிதாக்கி, வேறு ஃபோல்டரில் சேமிக்க வேண்டும். முடிவில் எந்தப் படம் எவ்வளவு குறைந்தது என்று ஓர் அறிக்கை. ஒரு படத்துக்கு 0.45 நொடி என்றால் படங்களுக்கு மட்டும் 45 நிமிடம். பட்டியல் எடுக்க, அறிக்கை எழுத 5 நிமிடம். மொத்தம் 50. மொழி பைத்தான், ஏனென்றால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள். ஃபார் லூப்பும் ஃபங்ஷனும் எழுதத் தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

முதலில்: காத்திருக்கிறதா, கணக்குப் போடுகிறதா?

எந்தக் கோரையும் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். ஒரு நிரல் மெதுவாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது உண்மையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. மற்றது, எதற்காகவோ காத்திருக்கிறது: நெட்வொர்க்கிலிருந்து பதில் வர, டிஸ்க்கிலிருந்து ஃபைல் வர, டேட்டாபேஸ் விடை சொல்ல.

காத்திருக்கும் நிரலுக்கு இன்னொரு கோரைக் கொடுத்துப் பயனில்லை. இரண்டு பேர் சேர்ந்து காத்திருப்பார்கள், அவ்வளவுதான். அங்கே வேண்டியது, ஒன்று காத்திருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கிவைப்பது. அதற்கு ஒரே கோரில் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ஓட்டங்கள்) போதும், அல்லது பைத்தானின் அசிங்க்ஐஓ மாட்யூல் போதும். பல வேலைகளை ஒரே காலகட்டத்தில் கையில் வைத்துக்கொண்டு மாறிமாறிக் கவனிப்பது ஒரு விஷயம், பல வேலைகள் ஒரே நொடியில் நிஜமாகவே நடப்பது வேறு விஷயம். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பல கோர் தேவைப்படுவது இரண்டாவதற்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளைக்கு முன்னால் டைம் என்று சேர்த்து ஓட்டினால் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண்கள் வரும். ரியல் என்பது கடிகாரம் காட்டும் நேரம், யூசர் என்பது கோர் உங்கள் நிரலுக்காக உழைத்த நேரம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது கணக்கு வேலை. ரியல் 50 நொடி, யூசர் 4 நொடி என்றால் அது காத்திருப்பு வேலை, இந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிதாக உதவாது. விண்டோஸில் இருப்பவர்கள் பைத்தானின் டைம் மாட்யூலில் உள்ள பெர்ஃப் கவுன்டர், பிராசஸ் டைம் இரண்டையும் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துக் கழித்தால் இதே விவரம் கிடைத்துவிடும்.

நம் படவேலை பெரும்பாலும் கணக்கு. சரி, மேலே போகலாம்.

எவ்வளவு மிச்சமாகும் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

எட்டு கோர் இருக்கிறது, எனவே 50 நிமிடம் ஆறேகால் நிமிடம் ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். ஆகாது. பிரிக்க முடிந்தது 45 நிமிட வேலை மட்டுமே. அதை எட்டால் வகுத்தால் சுமார் 5.6 நிமிடம். பட்டியலும் அறிக்கையுமான 5 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் 10.6 நிமிடம், அதாவது 4.7 மடங்கு வேகம். எட்டுக்குப் பதில் ஆயிரம் கோர் கொடுத்தாலும் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதுதான், ஆம்டால் விதி என்று பெயர். பிரிக்க முடியாத பகுதி பத்தில் ஒரு பங்கு என்றால், உச்சபட்சமே பத்து மடங்குதான்.

இந்தக் கணக்கைப் போட்டதும் புத்தி எங்கே போக வேண்டும்? அந்த 5 நிமிடத்துக்கு. அறிக்கை எழுத ஏன் அவ்வளவு நேரம்? ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திறந்து மூடுகிறீர்களோ? அதைச் சரிசெய்து அரை நிமிடமாக்கினால், எட்டு கோரில் மொத்தமே 6.1 நிமிடம். கோர் சேர்ப்பதைவிட இது மலிவான வேலை. அப்புறம் படத்தைச் சிறிதாக்கும் ஃபங்ஷனையும் ஒருமுறை புரொஃபைலரில் (எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் கருவியில்) ஓட்டிப் பாருங்கள். தேவையில்லாமல் ஒரே படத்தை இரண்டு தடவை திறக்கும் நிரலை எட்டாகப் பிரித்தால், எட்டு கோரும் தேவையில்லாமல் இரண்டு தடவை திறக்கும்.

உண்மையில் எத்தனை கோர்?

லினக்ஸில் என்-பிராக் கட்டளை, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கம், பைத்தானுக்குள் ஓஎஸ் மாட்யூலின் சிபியூ கவுன்ட். எண் கிடைத்துவிடும், ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. பல பிராசஸர்களில் ஒரு நிஜக் கோர் இரண்டாகக் கணக்குக் காட்டும். இன்டெல் 2002-இல் ஹைப்பர்த்ரெடிங் என்ற பெயரில் கொண்டுவந்தது இதைத்தான். 16 என்று தெரிந்தால் உள்ளே 8 கோர்தான் இருக்கலாம், அந்தக் கூடுதல் எட்டு கொஞ்சம் உதவும், இரட்டிப்பாக்காது. புதிய லேப்டாப்களிலும் மொபைல்களிலும் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை கலந்திருக்கும், எல்லாம் ஒரே வேகத்தில் ஓடாது.

கன்டெய்னருக்குள், அதாவது ஒரு பெரிய கணினியில் தடுத்து ஒதுக்கிய பகுதிக்குள், ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு ஒதுக்கப்பட்டது 2 கோர் அளவாக இருக்கும், சிபியூ கவுன்ட்டோ அடியில் இருக்கும் பெரிய கணினியின் 64-ஐச் சொல்லும். அதை நம்பி 64 பிராசஸ் தொடங்கினால், இரண்டு கோருக்காக அறுபத்து நான்கு பேர் முட்டிமோதுவார்கள்.

நிரலைத் தொடாமல் முடியுமா?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் நிரல் ஒரு படத்தின் பெயரை வாங்கி அந்த ஒன்றை மட்டும் மாற்றும் என்றால், அதையே எட்டு தடவை ஒரே நேரத்தில் ஓட்டிவிடலாமே! லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கட்டளைக்குப் பெரிய பி என்ற ஆப்ஷனோடு 8 என்று கொடுத்து, ஒரு தடவைக்கு ஒரு பெயர் என்றும் சொல்லிவிட்டால், அதுவே எட்டெட்டாக ஓட்டும். ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தொடங்கும். சி, சி++ நிரல்களைத் தொகுக்கும் மேக் (make) கருவிக்கு ஜே என்ற ஆப்ஷன் இருப்பதும் இதே காரியத்துக்கு. ஒவ்வொரு படத்துக்கும் பைத்தான் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் நேரம் வீணாகும். ஒரு தடவை மட்டும் செய்ய வேண்டிய வேலை என்றால் நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன்.

வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுங்கள்

சரி, தினமும் ஓடப்போகும் நிரல், உள்ளேயே பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் நிதானம் வேண்டும். ஃபார் லூப்புக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு ஃபங்ஷனாக வெளியே எடுங்கள். உள்ளே போவது ஒரு படத்தின் பாதை. வெளியே வருவது ஒரு சின்ன விடை: பெயர், பழைய அளவு, புதிய அளவு. இடையில் அந்த ஃபங்ஷன் வெளியே இருக்கும் எந்த மாறியையும் தொடக்கூடாது, எந்தப் பொதுப் பட்டியலிலும் சேர்க்கக்கூடாது, எந்தப் பொது ஃபைலிலும் எழுதக்கூடாது. தன் படத்தை மட்டும் தன் பெயரில் சேமிக்கலாம்.

இதைச் செய்துவிட்டு, இன்னும் ஒரே கோரில், பழைய ஃபார் லூப்பிலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். 50 படத்துக்கு விடை சரியாக வருகிறதா? வந்தால் கடினமான பகுதி முடிந்துவிட்டது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராகப் பத்து த்ரெட் தொடங்குபவர்கள்தான் பிறகு நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

த்ரெட்டா, பிராசஸா?

பிராசஸ் என்றால் தனக்கென்று தனி மெமரி கொண்ட முழு ஓட்டம். த்ரெட் என்றால் ஒரே பிராசஸுக்குள், ஒரே மெமரியைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஓட்டங்கள். த்ரெட்டைத் தொடங்குவது மலிவு, டேட்டாவைக் கைமாற்ற வேண்டியதே இல்லை. அப்படியானால் த்ரெட்டே போதுமே என்று தோன்றும். பல மொழிகளில் போதும். பைத்தானில் ஒரு முட்டுக்கட்டை உண்டு.

வழக்கமான பைத்தானுக்குள் ஜில் (GIL) என்று ஒரு பெரிய லாக், அதாவது பூட்டு, இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு த்ரெட்தான் பைத்தான் வரிகளை ஓட்ட முடியும். எட்டு த்ரெட் தொடங்கினாலும் கணக்கு வேலையில் எட்டும் ஒரே கோரளவு வேகத்தைத்தான் பங்குபோடும். த்ரெட் காத்திருக்கும்போது லாக்கை விட்டுவிடும் என்பதால்தான் நெட்வொர்க் வேலைக்கு அது பயன்படுகிறது. எண் கணக்குக்கான நம்பை (NumPy) போன்ற, சி-யில் எழுதிய நூலகங்கள் நீண்ட கணக்கின் நடுவே லாக்கை விடுவதும் உண்டு. இந்த லாக்கையே எடுத்துவிட்ட தனி வடிவம் 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் சோதனையாக வந்தது, 2025-இல் வந்த 3.14-இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. ஆனாலும் நீங்கள் சாதாரணமாக நிறுவும் பைத்தானில் லாக் இருக்கும். அதனால் கணக்கு வேலைக்குப் பிராசஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனி மெமரி என்பது முதலில் தொல்லையாகத் தெரியும். ஒருவர் டேட்டாவை இன்னொருவர் தெரியாமல் கெடுக்க முடியாது என்பது பிறகுதான் புரியும்.

பூலை அமைப்பது

பைத்தானோடு கூடவே வரும் கன்கரன்ட் ஃபியூச்சர்ஸ் என்ற மாட்யூலில் பிராசஸ் பூல் எக்ஸிக்யூட்டர் இருக்கிறது. அதை வித் கூற்றோடு திறந்து, எத்தனை பேர் வேண்டும் என்ற மேக்ஸ் வொர்க்கர்ஸ் மதிப்பில் 8 கொடுங்கள். பின்பு அதன் மேப் முறைக்கு உங்கள் ஃபங்ஷனையும் பாதைகளின் பட்டியலையும் கொடுங்கள். அவ்வளவுதான், நான்கைந்து வரி. எட்டு பிராசஸ்கள் எழுந்து, பட்டியலிலிருந்து ஆளுக்கொன்றாக எடுத்து வேலை பார்க்கும். எது முன்னால் முடிந்தாலும், விடைகள் நீங்கள் கொடுத்த வரிசையிலேயே திரும்பி வரும். 6,000 படத்துக்கு 6,000 பிராசஸ் தொடங்குவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். பூல் என்பதே எட்டுப் பேரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தான்.

முதல் ஓட்டத்திலேயே விழக்கூடிய குழிகள் சில. விண்டோஸிலும், பைத்தான் 3.8 முதல் மேக்கிலும், புதிய பிராசஸ் உங்கள் ஃபைலை மறுபடி முதலிலிருந்து இம்போர்ட் செய்துதான் தொடங்கும். பூலைத் திறக்கும் வரிகள் ஃபைலின் வெளி மட்டத்தில் இருந்தால், புதிய பிராசஸும் தன் பங்குக்கு ஒரு பூலைத் திறக்கப் பார்க்கும். பைத்தான் அதைத் தடுத்து நீளமான பிழைச் செய்தி ஒன்றைக் கொட்டும். __name__ என்ற மாறி __main__ என்பதற்குச் சமமா என்று பார்க்கும் அந்தப் பழகிய இஃப் வரிக்குள் பூல் வரிகளை வைத்துவிட்டால் தீர்ந்தது. லினக்ஸில் இந்த வரி இல்லாமலே பல வருடம் ஓடிய நிரல்கள் உண்டு. அங்கே இருக்கும் பிராசஸையே நகலெடுக்கும் ஃபோர்க் முறைதான் வழக்கமாக இருந்தது, 3.14-இல் அது மாறிவிட்டது. எனவே எங்கே எழுதினாலும் அந்த இஃப் வரியைப் போட்டுவிடுங்கள்.

லாம்டாவையும் ஃபங்ஷனுக்குள் எழுதிய ஃபங்ஷனையும் பூலுக்குக் கொடுக்க முடியாது. ஃபைலின் வெளி மட்டத்தில் பெயரோடு இருக்கும் ஃபங்ஷன்தான் வேண்டும். காரணம், பிராசஸ்களுக்கு இடையே போகும் எல்லாமே பிக்கிள் செய்யப்பட்டு, அதாவது பைட்டுகளாகக் கட்டப்பட்டு, அனுப்பப்பட்டு, அந்தப் பக்கம் பிரிக்கப்படுகின்றன.

அந்தக் கட்டிப் பிரிக்கும் செலவு சின்னதாகத் தெரியும், ஆனால் கூட்டிப் பார்த்தால் தெரியும் வலி. படத்தைப் பெற்றோர் பிராசஸில் (பூலைத் தொடங்கிய பிராசஸில்) திறந்து அனுப்பாதீர்கள், பாதையை அனுப்புங்கள். 24 மெகாபிக்சல் படம் மெமரியில் விரிந்தால் 72 மெகாபைட், அதன் பாதையோ நூறு பைட்டுகூட வராது. வேலைகள் மிகச் சின்னதாக இருந்தால், உதாரணமாக ஒவ்வொன்றும் மைக்ரோநொடிகளில் முடியும் கூட்டல்களாக இருந்தால், அனுப்பும் செலவு வேலையையே விழுங்கிவிடும். பத்து லட்சம் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பி வர்க்கம் கண்டுபிடிக்கச் சொன்னால் எட்டு கோர் நிரல், ஒற்றைக் கோர் நிரலைவிட மெதுவாக ஓடும். புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பல கோர் என்பதே ஏமாற்று என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மேப் முறையில் சங்க்சைஸ் என்று ஒரு மதிப்பு உண்டு. அங்கே வழக்கமாக 1 இருக்கும். அதை 500 என்று மாற்றினால் ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டி அனுப்பும்.

ஆனால் கட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவதும் ஆபத்து. நம் படங்களில் சில மிகப் பெரியவை என்றால், அவை எல்லாம் ஒரே கட்டில் மாட்டிக்கொண்டு, ஏழு பேர் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க எட்டாவது ஆள் மட்டும் கடைசிவரை ஓடுவார். எங்கள் குழுவின் நிரல் ஒன்று இப்படித்தான் 97 சதவீதத்தில் வந்து நின்றுகொண்டே இருக்கும். பட்டியலை ஃபைல் அளவை வைத்து இறங்குவரிசையில் அடுக்கி, பெரியவற்றை முதலில் அனுப்பியதும் அந்த வால் காணாமல் போனது. ஒரே ஒரு வரி மாற்றம்.

பங்குபோடும் இடத்தில்தான் வம்பு

இதுவரை நம் நிரலில் எந்த இடத்திலும் நாம் லாக் போடவில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தந்தார்கள், கூட்டியது பெற்றோர் மட்டும். வேண்டுமென்றே அப்படி அமைத்தேன். அமைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது பார்க்கலாம்.

முடித்த படங்களை எண்ண, எண்ணி என்ற ஒரு பொது மாறி. ஒவ்வொரு த்ரெட்டும் படம் முடிந்ததும் எண்ணியில் ஒன்றைக் கூட்டும். பார்க்க ஒரே வரி. கணினிக்கு அது மூன்று வேலை: மதிப்பைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. எண்ணியில் 41 இருக்கிறது. முதல் த்ரெட் 41 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாவது த்ரெட்டும் 41 என்று படித்துவிடுகிறது. முதலாவது 42 எழுதுகிறது. இரண்டாவதும் 42 எழுதுகிறது. இரண்டு படம் முடிந்தது, கணக்கில் ஏறியது ஒன்று. இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். கொடுமை என்னவென்றால் இது எப்போதும் நடக்காது. உங்கள் கணினியில் நூறு தடவை சரியாக வரும், சர்வரில் நள்ளிரவில் தவறும். பிடிக்கலாம் என்று நடுவில் பிரின்ட் வரி போட்டால், அந்தச் சின்னத் தாமதத்திலேயே பிழை ஒளிந்துகொள்ளும்.

எண்ணிக்கை தவறுவதோடு போவதில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அதன் மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் இந்த வகையும் இருந்தது, ஆபரேட்டர் வேகமாகத் தட்டினால் மட்டும் வெளிப்படும் பிழை. 2003 ஆகஸ்ட் 14-இல் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் மின்சாரம் போனபோது, ஒரு கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மணி ஒலிக்காமல் போனதற்கும் ரேஸ் கண்டிஷன்தான் காரணமாக இருந்தது.

த்ரெட்களில் இதற்கு மருந்து லாக். எண்ணியைத் தொடுபவர் முதலில் லாக்கை எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் விட வேண்டும். மற்றவர்கள் அதுவரை நிற்பார்கள். ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி என்ற இந்தச் சிக்கலுக்குப் பல ஓட்டங்களுக்கும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ட்ரா 1965-லேயே எழுதிவிட்டார். ஆனால் லாக்கை இறைத்தால் எட்டு பேரும் அதன் வாசலில் வரிசையில் நிற்பார்கள், மறுபடி ஒற்றைக் கோர் கதைதான். இரண்டு லாக் வந்துவிட்டால் இன்னொரு தொல்லை: நான் முதல் லாக்கை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்காக நிற்கிறேன், நீங்கள் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதுக்காக நிற்கிறீர்கள். இருவரும் கடைசிவரை நிற்போம். இதுதான் டெட்லாக். தப்பிக்க ஒரு எளிய ஒழுங்கு உண்டு: எல்லா லாக்குகளையும் எல்லோரும் ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும்.

பிராசஸ்களில் வேறொரு வேடிக்கை. தனி மெமரி என்பதால் ஒவ்வொரு பிராசஸும் தன் சொந்த நகலில் எண்ணிக்கொண்டிருக்கும். வேலை முடிந்து பெற்றோரில் பார்த்தால் எண்ணி இன்னும் 0. இது பிழை அல்ல என்று நம்ப எனக்கே ஒரு மாலைப்பொழுது ஆனது. விடையைத் திருப்பி அனுப்பினால் மட்டுமே அது வந்து சேரும். அறிக்கை ஃபைலையும் எட்டு பேரும் திறந்து எழுதக்கூடாது, வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். விடைகளை வாங்கி, பெற்றோர் ஒருவரே எழுதட்டும்.

பிழைகள் சத்தமில்லாமல் மறைவது

3,411-ஆவது படம் பாதி உடைந்த ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். மேப் முறையில் அந்தப் பிழை, அதன் விடையை நீங்கள் வாங்கப் போகும்போது வெடிக்கும், அதற்குப் பின்னால் உள்ள விடைகள் கைக்கு வராது. சப்மிட் முறையில் ஒவ்வொன்றாக அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். திரும்பக் கிடைக்கும் ஃபியூச்சரிடம் (பின்னால் வரப்போகும் விடைக்கான சீட்டு அது) ரிசல்ட்டைக் கேட்காதவரை பிழை வாயே திறக்காது. எல்லாம் நன்றாக முடிந்ததுபோல நிரல் முடியும், ஃபோல்டரில் 5,200 படம்தான் இருக்கும். எனவே ஃபங்ஷனுக்குள்ளேயே டிரை போட்டு, பிழை வந்தால் பெயரையும் காரணத்தையும் விடையாகத் திருப்பி அனுப்புங்கள். முடிவில் போனது 6,000, வந்தது எத்தனை என்று எண்ணிச் சரிபாருங்கள்.

மெமரியையும் எட்டால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பிராசஸ் 1 கிகாபைட் தின்றால் எட்டும் சேர்ந்து 8. கணினியில் அவ்வளவு இல்லையென்றால் லினக்ஸ் ஏதோ ஒரு பிராசஸைச் சொல்லாமல் கொன்றுவிடும், பூல் உடைந்தது என்ற செய்தி மட்டும் வரும். அப்படி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெமரியைத்தான்.

1, 2, 4, 8 என்று ஓட்டிப் பாருங்கள்

300 படங்களை மட்டும் எடுத்து, பிராசஸ் எண்ணிக்கையை 1, 2, 4, 8 என்று மாற்றி நேரத்தை எழுதுங்கள். இரண்டில் பாதியாகிறது, நான்கில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல், எட்டில் பெரிதாக எதுவும் குறையவில்லை என்றால் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் நிற்கிறது என்பதற்குப் பல விடைகள்: டிஸ்க் அதற்கு மேல் கொடுக்கவில்லை, எல்லாக் கோர்களும் ஒரே மெமரிப் பாதையில் நெரிகின்றன, சூடேறியதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது, எட்டில் பாதி ஹைப்பர்த்ரெட் கோர்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம்பை போன்ற நூலகங்கள் அணிக்கணக்குகளுக்குத் தாங்களே எல்லாக் கோர்களிலும் த்ரெட் தொடங்கும். நீங்கள் எட்டு பிராசஸ், ஒவ்வொன்றும் உள்ளே எட்டு த்ரெட், ஆக 64 பேர் எட்டு நாற்காலிக்கு. ஓஎம்பி நம் த்ரெட்ஸ் (OMP_NUM_THREADS) என்ற சூழல் மாறியில் 1 வைத்துவிட்டு ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நம்பையில் இன்னொரு கண்ணியும் உண்டு: அதன் பழைய பொது ரேண்டம் நிலை ஃபோர்க்கில் அப்படியே நகலாகும், எட்டு பிராசஸும் ஒரே ரேண்டம் எண்களைத் தரும். ஒவ்வொருவருக்கும் வேறு விதை, அதாவது ரேண்டம் எண்கள் தொடங்கும் மதிப்பு, கொடுங்கள்.

சி, சி++, ரஸ்ட் பக்கம் போனால் தெரிந்துகொள்ள வேண்டியது கேஷ் லைன், அதாவது கோர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு. பெரும்பாலான பிராசஸர்களில் அது 64 பைட். எட்டு த்ரெட்களின் எட்டு எண்ணிகளும் பக்கத்துப் பக்கத்தில் அந்த 64 பைட்டுக்குள் உட்கார்ந்தால், யாரும் யாருடையதையும் தொடாதபோதும் கோர்கள் அந்த லைனைப் பிடுங்கிப் பிடுங்கி மெதுவாகும். எண்ணிகளைத் தள்ளி வைத்தால் சரியாகும். மற்றபடி சி-யிலும் ஃபோர்ட்ரானிலும் ஓப்பன்எம்பி என்றால் லூப்புக்கு மேல் ஒரு வரி போதும். கோ மொழியில் கோரூட்டின்களும் சேனல்களும், 2015-இல் வந்த 1.5 முதல் அது எல்லாக் கோர்களையும் தானே எடுத்துக்கொள்கிறது. ஜாவாவில் எக்ஸிக்யூட்டர் சர்வீஸ். ரஸ்ட்டின் பாதுகாப்பான பகுதியில் இரண்டு த்ரெட் ஒரே டேட்டாவை லாக் இல்லாமல் மாற்றப் பார்த்தால் கம்பைலரே மறுத்துவிடும், முதலில் எரிச்சலாக இருக்கும்.

கடைசியாக, விடையைச் சரிபார்க்கும்போது ஒரு ஆச்சரியம் காத்திருக்கலாம். முடிந்த வரிசையிலேயே விடைகளை வாங்கித் தசம எண்களைக் கூட்டினால், ஒற்றைக் கோரின் கூட்டுத்தொகைக்கும் எட்டு கோரின் கூட்டுத்தொகைக்கும் கடைசி இலக்கத்தில் வித்தியாசம் வரும். 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் பைத்தான் 0.6000000000000001 என்கிறது, பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6 என்கிறது. எனவே ஒப்பிடும் முன் பெயர்வாரியாக அடுக்கிவிட்டுக் கூட்டுங்கள். அப்புறம் நிரலில் பிராசஸ் எண்ணிக்கைக்கு ஒரு ஆப்ஷன் வைத்து, 1 என்று கொடுத்தால் பூலே இல்லாமல் பழைய ஃபார் லூப்பில் ஓடும்படி விட்டுவையுங்கள். அடுத்த முறை புரியாத பிழை ஒன்று வரும்போது, முதலில் அதில்தான் ஓட்டிப் பார்ப்பீர்கள்.